எம்-புக்கில் ஏறாத மாடல்

பிம் பற்றி ஒரு குறிப்பு ரொம்ப நாளா டிராஃப்ட்டிலேயே கிடந்தது. முடிக்காம விட்டதற்குக் காரணம், நான் படித்த அறிக்கைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்ததுதான். இந்தியக் கட்டுமான நிறுவனங்கள் ஏன் இதை ஏற்கத் தயங்குகின்றன என்று ஒரு கேள்வி. கீழே நாலு பதில்: சாஃப்ட்வேர் விலை அதிகம், தெரிந்த ஆள் இல்லை, விழிப்புணர்வு போதாது, அரசு கட்டாயமாக்கவில்லை. தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த இரண்டாவது பதிலைப் படித்தால் சிரிப்புதான் வருது. மெப்ஸிலிருந்து பல்லாவரம், வேளச்சேரி வரைக்கும் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் போடுகிற மாடல் எல்லாம் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு, அவ்வளவுதான்.

ஆள் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, கட்டடமும் தெருவுக்குத் தெரு எழும்புது. அப்புறம் எது தடுக்குது? தேடிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில் ஒரு நோட்டுப் புத்தகம். அரசு வேலை எடுத்த எந்தக் கான்ட்ராக்டருக்கும் தெரிந்த எம்-புக். அளவுப் புத்தகம், மெஷர்மென்ட் புக். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். அதற்கு முன் பிம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரு கட்டடத்தைக் கோடுகளாக வரையாமல், பொருட்களாகக் கம்ப்யூட்டரில் கட்டுவதுதான் பிம். ஆட்டோகேட்டில் சுவர் என்பது இரண்டு இணைகோடு. அது சுவர் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிம் மாடலில் சுவர் என்பது சுவர்தான்: அதற்குக் கனம் உண்டு, உயரம் உண்டு, என்ன கல், எந்த மாடி, அதில் எத்தனை ஜன்னல் என்ற தகவல் உண்டு. பிளானில் ஜன்னலை நகர்த்தினால் எலிவேஷனிலும் செக்‌ஷனிலும் தானாக நகரும். எங்க தொழிலில் சொன்னால், டேட்டாபேஸ் ஒன்றுதான். வரைபடங்கள் எல்லாம் அதிலிருந்து எடுக்கிற ரிப்போர்ட்.

இந்த யோசனை ஒன்றும் புதுசில்லை. சக் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1975-லேயே, அங்குள்ள ஆர்க்கிடெக்ட் சங்கத்தின் இதழில், வரைபடத்துக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே சுவரைப் பிளானில் ஒரு தடவை, செக்‌ஷனில் ஒரு தடவை, பெரிய அளவில் இன்னொரு தடவை என்று வரைகிறோம்; ஒன்றை மாற்றினால் மற்றது பழசாகிவிடுகிறது என்பது அவருடைய குறை. கட்டடத்தின் முழு விவரமும் ஒரே இடத்தில் இருந்தால் எவ்வளவு பொருள், எவ்வளவு செலவு என்பதை அதிலிருந்தே எடுத்துவிடலாம் என்றும் அப்போதே சொல்லிவிட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிம் கொடுத்த முதல் வாக்குறுதிகளில் ஒன்று அழகான 3டி படம் இல்லை. கணக்கு.

அதற்கப்புறம் நடந்தது வேகமாகச் சொல்லிவிடக்கூடிய கதை. 1982-ல் ஆட்டோகேட் வந்தது. அதே காலத்தில் ஹங்கேரியில் காபோர் போயார் தொடங்கிய கிராஃபிசாஃப்ட் நிறுவனம் ஆர்க்கிகேட் செய்தது. பின்லாந்தில் டெக்லா ஸ்டீல் கட்டடங்களுக்கு மாடல் போடும் மென்பொருளைக் கொண்டுவந்தது. 2000-த்தில் ரெவிட் வெளிவந்தது. இரண்டே வருஷத்தில் ஆட்டோடெஸ்க் அதை 13.3 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. பிறகு அரசுகள் இறங்கின. சிங்கப்பூர் 2010-ல் ஒரு திட்டம் போட்டு, 2013-ல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களின் ஆர்க்கிடெக்சர் பிளானை மாடலாகத்தான் கொடுக்கணும் என்றது. 2015-ல் அந்த வரம்பை 5,000 சதுர மீட்டருக்கு இறக்கியது. பிரிட்டன் 2011-ல் அறிவித்து, 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசு செலவில் கட்டும் திட்டங்களுக்குக் கட்டாயமாக்கியது.

இந்தக் கட்டாயங்களால் நம்ம ஊர்ப் பையன்களுக்கு வேலை வந்தது.

மெட்ராஸ் ஏற்றுமதி மண்டலம், அதாவது மெப்ஸ், 1984-ல் தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் வந்தபோது மனதில் இருந்தது துணி, தோல், எலெக்ட்ரானிக்ஸ் மாதிரியான சாமான்கள். சாஃப்ட்வேர் அதற்குள் பிறகு வந்து புகுந்தது. ஐ.டி.ஐ.-யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தவர்கள், டிப்ளமா சிவில், பி.இ. சிவில் முடித்துவிட்டு சைட்டில் வெயில் காய மனசில்லாதவர்கள், இவர்களுக்கெல்லாம் ஒரு புது வழி திறந்தது. ஸ்டீல் டீட்டெய்லிங், கம்பி டீட்டெய்லிங், பிளம்பிங், ஏசி டக்ட் மாடலிங். அங்கே சாயங்காலம் ஆர்க்கிடெக்ட் வரைபடத்தை அனுப்புவார். இங்கே பகலில் மாடல் ஆகும். அங்கே விடிந்ததும் தயார். இதில் ஜி.எஸ்.டி. ரோடு வாடகை மாடியில் பத்து சிஸ்டம் போட்டு நடத்துகிறவர்களும் உண்டு, பெரிய கட்டடத்தில் நூற்றுக்கணக்கில் ஆள் வைத்து நடத்துகிறவர்களும் உண்டு.

என் உறவுக்காரப் பையன் ஒருத்தன் இந்த வேலையில் இருக்கான். ஏதோ ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு மேல்கூரைக்குள் போகிற குழாய்களை ஆறு மாசமா மாடல் பண்ணிட்டு இருந்தான். "மாமா, அங்க ஒரு ஸ்பிரிங்க்ளர் குழாய் டக்ட்ல இடிச்சா உடனே விளக்கம் கேட்டு மெயில் வந்துடும். அதுக்குப் பதில் போகாம யாரும் கைய வைக்க மாட்டாங்க" என்றான். அவன் குடியிருக்கிற வீடு செம்பாக்கத்தில் கட்டியபோது, பிளம்பர் வந்து பீமைக் கொத்தித்தான் குழாய் விட்டார். அவனும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான். என்ன சொல்ல முடியும்? பீமுக்குள் குழாய் எங்கே போகணும் என்று காட்டுகிற வரைபடம் அந்த வீட்டுக்கு யாரும் போடவே இல்லை. போடச் சொல்லி யாரும் காசும் கொடுக்கவில்லை.

உள்ளூரில் பிம்மே இல்லை என்று சொல்ல வரவில்லை. எல் அண்ட் டி-யின் கட்டுமானப் பிரிவுக்குத் தலைமையகம் மணப்பாக்கத்தில்தான் இருக்கு. 1944-ல் ஈ.சி.சி. என்ற பெயரில் ஆரம்பித்த கம்பெனி அது. பழைய ஆட்கள் இன்னமும் ஈ.சி.சி. என்றுதான் சொல்வார்கள். வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே கூரைக்கு அடியில் இருப்பதால் அங்கே மாடல் எப்பவோ அன்றாட வேலைக்குள் வந்துவிட்டது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆட்களும் இதை ரொம்ப நாளா கவனித்து வருகிறார்கள். அஸ்வின் மகாலிங்கமும் அவருடைய மாணவர்களும், மாடலோடு கால அட்டவணையையும் சேர்த்த 4டி-யை நிஜமான கட்டுமானத் திட்டங்களில் போட்டுப் பார்த்து 2010-ல் எழுதினார்கள். 2015-ல் வந்த இன்னொரு ஆய்வு இந்தியாவில் இரண்டு திட்டங்களை எடுத்துக்கொண்டு, எல்லாத் தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிடும் லீன் பழக்கங்கள் இருந்தால் பிம் எப்படி ஊன்றிக்கொள்கிறது என்று பார்த்தது. என் மொழியில் அதன் சாரம்: மாடல் முன்னால் உட்காருவது பிரச்னை இல்லை. யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதுதான் பிரச்னை.

இனி எம்-புக்.

சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை 1858-ல் உருவானது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்றுவரை நம் அரசுக் கட்டுமானத்தில் பணம் நகருவது வரைபடத்தை வைத்து இல்லை, எம்-புக்கை வைத்து. ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள், ரசிக்கத்தக்க பொருள். பக்கங்களுக்கு வரிசை எண் அச்சடித்திருக்கும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அளவு எடுத்த இடத்திலேயே மையில் எழுதணும். தப்பா எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போடணும். வெற்றிடம் விட்டால் குறுக்குக் கோடு போட்டு ரத்து செய்யணும். விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம், மொத்தம் என்று கட்டங்கள். உதவிப் பொறியாளர் பதிவார், மேலே உள்ளவர் செக் மெஷர்மென்ட் செய்து கையெழுத்துப் போடுவார். அதிலிருந்துதான் பில். ஆடிட்காரர் கேட்பது அதைத்தான், வழக்கு வந்தால் கோர்ட்டுக்குப் போவதும் அதுதான்.

எங்க ஆட்கள் சேர்க்க மட்டும் முடிகிற, அழிக்க முடியாத லெட்ஜர் என்று எதையோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசும்போதெல்லாம் எனக்கு எம்-புக்தான் ஞாபகம் வரும்.

அதில் அளவு எப்படி எழுதுவது என்பதற்கும் ஒரு விதி இருக்கு. ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலை. மண் வேலை, கான்கிரீட், செங்கல், பூச்சு என்று பகுதி பகுதியாகப் போகும். பிம் ஏன் எம்-புக்கில் ஏற மாட்டேங்குது என்பதற்கு இதில் இருக்கிற ஒரே ஒரு விதியை மட்டும் விரித்துக் காட்டுகிறேன். ஐந்து நிமிஷக் கணக்கு, பயப்பட வேண்டாம்.

சிமெண்ட் பூச்சை அளக்கும்போது ஜன்னல், கதவு திறப்புகளைக் கழிக்கணும் இல்லையா? விதி இப்படிச் சொல்கிறது. திறப்பு 0.5 சதுர மீட்டர் வரை இருந்தால் கழிக்கவே வேண்டாம். அதே சமயம் திறப்பின் உள்பக்க ஓரங்களுக்குப் பூசியதைக் கூட்டவும் வேண்டாம். 0.5-லிருந்து 3 சதுர மீட்டர் வரை என்றால், இரண்டு முகமும் ஒரே பூச்சாக இருக்கும்போது ஒரு முகத்துக்கு மட்டும் கழி. இன்னொரு முகத்தைக் கழிக்காமல் விடுவது ஓரப் பூச்சுக்கு ஈடு. 3-க்கு மேல் போனால் இரண்டு முகத்தையும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளந்து கூட்டு.

ஒன்பது அங்குலச் சுவர், 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்று வைப்போம். இரண்டு முகமும் சேர்த்து 24 சதுர மீட்டர். நடுவில் 1.2-க்கு 1.2 ஜன்னல், பரப்பு 1.44. விதிப்படி ஒரு முகம் மட்டும் கழித்தால் 22.56. இப்போது மாடலைக் கேட்போம். அது இரண்டு முகத்தையும் கழிக்கும், 2.88 போச்சு, நாலு ஓரமும் சேர்ந்து 4.8 மீட்டர், அதை 0.23 மீட்டர் கனத்தால் பெருக்கினால் 1.10, அதைக் கூட்டும். ஜன்னல் சட்டத்தின் கனத்தை விட்டுவிடுவோம். விடை 22.22. வித்தியாசம் ஒன்றரை சதவீதம். பாத்ரூம் வென்டிலேட்டர் மாதிரி 0.6-க்கு 0.6 என்றால் விதிப்படி 24, மாடல்படி 23.83.

முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தபோது விதி எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஓரத்தை அளந்துகொண்டிருந்தால் உதவிப் பொறியாளர் வீட்டுக்குப் போகவே முடியாது. பென்சிலும் டேப்பும் வைத்திருக்கிறவனுக்குக் கணக்கைப் பாதியாக்கி, பிழையை ஒன்றரை சதவீதத்துக்குள் அடக்கிய அப்ராக்சிமேஷன் இது. இப்படி ஒன்றை இன்று எங்க டீமில் எழுதினால் கைதட்டுவோம்.

ஆனால் அதே விதிதான் இப்போது மாடலுக்குக் குறுக்கே நிற்குது. மாடல் நிஜமான பரப்பைச் சொல்கிறது. பில்லுக்கு வேண்டியது ஒப்பந்தப் பரப்பு. ஒரு ஜன்னலில் 0.34 சதுர மீட்டர். நானூறு ஜன்னல் உள்ள கட்டடத்தில் 130 சதுர மீட்டருக்கு மேல். மாடலை நம்பி பில் போட்டால் கான்ட்ராக்டருக்கு நஷ்டம், அவர் சண்டைக்கு வருவார். வேறு ஐட்டத்தில் கூடுதலா காட்டினால் ஆடிட் சண்டைக்கு வரும். ஆகவே பில்லிங் இன்ஜினியர் என்ன செய்வார்? மாடலை மூடிவிட்டு எக்ஸெலைத் திறப்பார்.

பூச்சு ஒரு உதாரணம்தான். சென்ட்ரிங்கைப் பாருங்கள். கான்கிரீட்டைத் தொடுகிற பலகையின் பரப்பை அளந்து தனியாகக் காசு கொடுக்கணும், அது பில்லில் பெரிய தொகை. மாடலில் சென்ட்ரிங் கிடையாது. ஏனென்றால் முடிந்த கட்டடத்தில் சென்ட்ரிங் மிஞ்சாது. தூணும் பீமும் சிலாப்பும் சந்திக்கிற இடத்தில் மாடல் போட்டவர் 'ஜாயின்' கொடுக்க மறந்திருந்தால் ஒரே கான்கிரீட் இரண்டு தடவை எண்ணப்படும். பார்க்கிறவர் கண்ணுக்கு மாடல் கச்சிதமாகத்தான் தெரியும். எம்-புக்கில் இந்த மாதிரி தப்பு நடந்தால் கையெழுத்துப் போட்டவர் மாட்டுவார். மாடலில் யார் மாட்டுவார்? மெப்ஸில் இருக்கிற பையனா, அவனுக்கு வேலை கொடுத்த ஆர்க்கிடெக்ட்டா, சைட்டில் அதைத் திறந்து பார்த்தவரா?

இதற்குச் சர்வதேச அளவில் ஒரு பதில் 2018-ல் வந்தது, ஐ.எஸ்.ஓ. 19650. ஒரு ஃபைல் வேலையில் இருக்கு, மற்றவர்களோடு பகிரப்பட்டிருக்கு, ஒப்புதல் பெற்று வெளியிடப்பட்டிருக்கு, ஆவணமாக வைக்கப்பட்டிருக்கு என்று நிலைகளைப் பிரித்து, எந்த நிலையில் யார் பொறுப்பு என்று எழுதி வைக்கச் சொல்கிறது. சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது பழகிய விஷயம். ஆனால் நம் பொதுப்பணி விதிகளில் 'அளவெடுத்தவர்' என்று ஒருவர் இருக்கார். அந்த இடத்தில் ஒரு ஃபைலை உட்கார வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. நான் அதைக் குறையாகவும் சொல்ல மாட்டேன். எம்-புக் என்ன நடந்தது என்று சொல்கிறது. மாடல் என்ன நடக்கணும் என்று சொல்கிறது. இரண்டும் ஒன்றில்லை. சிலாப் போடுவதற்கு முன் கம்பியை எண்ணிப் பார்த்து எழுதுகிற அந்த மனிதரை மாடல் எங்கேயும் மாற்றீடு செய்யவில்லை.

அடுத்தது காசு. இதைப் பற்றி அறிக்கைகளில் மென்மையாகத்தான் எழுதுவார்கள். அரசு டெண்டரில் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. ஐட்டம் ரேட் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு விலை. அனுபவமுள்ள கான்ட்ராக்டர் வரைபடத்தைப் பார்த்ததுமே எந்த ஐட்டம் பிறகு கூடும், எது குறையும் என்று மோப்பம் பிடித்துவிடுவார். கூடப்போவதற்கு விலை ஏற்றி, குறையப்போவதற்கு இறக்கி, மொத்தத்தில் குறைந்தவராக வந்துவிடுவார். அப்புறம் 'எக்ஸ்ட்ரா ஐட்டம்' வேறு. வரைபடத்தில் உள்ள ஓட்டைதான் அவருடைய லாபம். எல்லாம் முன்கூட்டியே தெளிவாகத் தெரிகிற ஒரு மாடலை அவர் எதற்கு ஆசையாக வரவேற்கணும்? டெண்டரில் கேட்டிருக்கு என்பதற்காக ஒரு மாடல் செய்வார். அதிலிருந்து பாட்டுப் போட்டு ஒரு வாக்-த்ரூ வீடியோ எடுப்பார். திறப்பு விழாவில் ஓட்டிவிட்டு அதோடு சரி.

முதலாளி, அதாவது கட்டச் சொல்கிறவர், தன் கணக்கையே மாடலில் கட்டினால்தான் இது மாறும். நாக்பூர் மெட்ரோ அதைத்தான் செய்யப் பார்த்தது. 5டி பிம் என்று பெயர் வைத்து, மாடலையும் கால அட்டவணையையும் செலவுக் கணக்கையும் ஒன்றாக இணைத்து, அதை ஆரம்பத்திலேயே திட்டத்தின் நிர்வாக முறையாக ஆக்கியது. இந்திய மெட்ரோக்களில் இதை முதலில் செய்தது அதுதான். இங்கே பரங்கிமலையிலிருந்து மடிப்பாக்கம், மேடவாக்கம் வழியா சோழிங்கநல்லூர் வரைக்கும் இரண்டாம் கட்ட மெட்ரோத் தூண்கள் எழும்பும்போது எனக்கு நாக்பூர்தான் ஞாபகம் வரும். ஒரு இடைச்செருகல்: வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயில் நீட்டிப்பு மொத்தமே 5 கிலோமீட்டர். அதில் கடைசி அரை கிலோமீட்டர் நில வழக்கில் வருஷக்கணக்காக நின்றது. எத்தனை டி மாடல் போட்டாலும் அடுத்தவன் நிலத்தில் தூண் நிற்காது.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடணும். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்துப்போனார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்கிற மாதிரி பேசுபவர்களை நான் ஏற்பதில்லை. மாடல் மண்ணைத் தோண்டிப் பார்க்காது, கான்கிரீட் கியூபை உடைத்துப் பார்க்காது. நாம் சொன்னதைத்தான் அது திருப்பிச் சொல்லும். குழாயும் பீமும் இடிப்பதைச் சொல்லும். தூண் தாங்குமா என்பதைச் சரியான எண்ணைக் கொடுத்து, சரியான ஆள் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

சரி, எம்-புக்கும் டெண்டரும் இப்படியே இருக்க, மாடலோ அதற்குச் சமமான துல்லியமோ இல்லாமல் ஓடவே ஓடாத வேலை நம்ம பக்கத்தில் ஏதாவது இருக்கா? இருக்கு, பெரும்பாக்கத்தில். மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டம் ஆறு ஊர்களில் ஆறு விதமான கட்டுமான முறையில் வந்தது. சென்னைக்குக் கிடைத்தது பிரீகாஸ்ட். 12 பிளாக், ஒவ்வொன்றும் தரைத்தளமும் ஐந்து மாடியும், மொத்தம் 1,152 வீடுகள். 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல், 2022 மே 26 அன்று திறப்பு. இடையில் கொரோனாவின் இரண்டாவது அலை வேறு.

பிரீகாஸ்டில் தூண், பீம், சிலாப் எல்லாம் முன்கூட்டியே வார்த்து, கிரேனில் தூக்கிப் பொருத்துவது. மேஸ்திரியின் மந்திரச் சொல் ஒன்று உண்டு: "சைட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்." பிரீகாஸ்டில் அந்தச் சொல் செல்லாது. எலெக்ட்ரிக் பைப்புக்கு ஓட்டை, தூக்குவதற்குக் கொக்கி, பக்கத்துத் துண்டோடு சேரும் கம்பி, இதெல்லாம் வார்க்கும்போதே இடத்தில் இருக்கணும். ஒரு துண்டில் 20 மில்லிமீட்டர் தப்பினால் அது ஒரு வீட்டுத் தப்பு இல்லை. அதே அச்சில் வார்த்த அத்தனை வீட்டுக்கும் தப்பு. சாதாரணக் கட்டடத்தில் வரைபடம் என்பது ஒரு யோசனை மாதிரி. மேஸ்திரி அதை எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். பிரீகாஸ்டில் அதுவே கட்டளை. வெளிநாடுகளில் டெக்லா மாதிரி மென்பொருள்கள் ஸ்டீலிலும் பிரீகாஸ்டிலும் முதலில் வேரூன்றியதற்குக் காரணமும் இதுதான். இரண்டுமே பட்டறையில் செய்து சைட்டில் பொருத்துகிற வேலை. யாரும் பிரசாரம் பண்ணிப் பரப்ப வேண்டியிருக்கவில்லை.

அளவெடுப்பதும் அங்கே சுலபம். சதுர மீட்டர் கணக்கு வேண்டாம், 'இந்த எண்ணுள்ள துண்டு, இத்தனை உருப்படி' என்று எண்ணினால் போதும். எம்-புக்கும் மாடலும் ஒத்துப்போகிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மீதி இருப்பது நாம் குடியிருக்கிற கட்டடங்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர் தெருக்களில் ஆறு வீடு, எட்டு வீடு என்று எழும்புகிற அப்பார்ட்மெண்ட்கள். இங்கே எம்-புக்கும் கிடையாது. சதுர அடி ரேட். கட்டடத்துக்கு இரண்டு வரைபடம் இருக்கும்: அப்ரூவலுக்குக் கொடுத்தது ஒன்று, மேஸ்திரி கையில் மடிந்து மடிந்து கிழிந்துபோனது ஒன்று. நிஜமாகக் கட்டியது இரண்டிலும் இருக்காது.

எங்க அப்பார்ட்மெண்ட்டில் இரண்டாவது மாடி பாத்ரூம் கீழ்வீட்டில் ஒழுக ஆரம்பித்தபோது பில்டரிடம் குழாய் வரைபடம் கேட்டோம். அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். வந்த பிளம்பர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உடைச்சாத்தான் தெரியும் சார்" என்றார். மூன்று இடத்தில் உடைத்தார். நாலாவது இடத்தில் இருந்தது. ரியல் எஸ்டேட் சட்டப்படி கட்டமைப்புக் குறைபாட்டுக்கு ஐந்து வருஷம் பில்டர் பொறுப்பு. குழாய் எங்கே போகிறது என்றே யாருக்கும் தெரியாத கட்டடத்தில் குறைபாடு யாருடையது என்று எப்படி நிரூபிப்பது?

இந்த மாதிரிக் கட்டடத்துக்கு ரெவிட் லைசன்ஸ் வாங்கு என்று சொல்கிறவன் நான் இல்லை. ஆறு வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. பூசுவதற்கு முன், குழாயும் வயர் பைப்பும் சுவரில் திறந்து கிடக்கிற அந்த இரண்டு மூன்று நாளில், டேப்பைச் சுவரோடு பிடித்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து, எந்த வீடு எந்தச் சுவர் என்று பெயர் போட்டு வைத்தால் போதும். சில சைட் இன்ஜினியர்கள் இதை வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்கனவே செய்கிறார்கள். கட்டடம் முடிந்ததும் குரூப் கலைந்துவிடும், போட்டோவும் போய்விடும். அதை அசோசியேஷனிடம் கொடுத்துவிட்டுப் போகணும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் எங்களுக்கு அந்த மூன்று ஓட்டை மிச்சமாகியிருக்கும்.

அரசுப் பக்கம் எம்-புக் இப்போது மின்னணு எம்-புக்காக மாறிக்கொண்டு வருகிறது. மத்தியப் பொதுப்பணித் துறை கணினியில் தயாரித்த எம்-புக்கை முன்பே அனுமதித்தது. இன்று பல துறைகளில் அது இணையத்திலேயே பதிவாகிறது. கட்டங்கள் மட்டும் அதே கட்டங்கள்தான். எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம். பேப்பரில் எழுதியதை விசைப்பலகையில் அடிக்கிறார்கள். மாடலிலிருந்து ஒரு எண் நேராக அதற்குள் போவதற்கு வழி வைக்கவில்லை. பிம் கேட்கிற டெண்டர் ஆவணம் எது கண்ணில் பட்டாலும் இப்போதெல்லாம் நான் முதலில் புரட்டுவது மென்பொருள் பட்டியலை இல்லை, அளவெடுப்பு பற்றிய பகுதியை. 'மாடல் சமர்ப்பிக்க வேண்டும்' என்று ஒரு பக்கத்திலும், 'அளவுகள் ஐ.எஸ். 1200-ன்படி' என்று இன்னொரு பக்கத்திலும் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று சொல்கிற வரியைத் தேடிக்கொண்டிருக்கேன். இதுவரை கண்ணில் படவில்லை. யாராவது பார்த்திருந்தால் பக்க எண்ணோடு அனுப்புங்கள்.